மூடாமல் விட்ட டிஸ்க்

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்ததுதான் எங்கள் கூட்டம். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் குடும்பங்கள். அத்தனை குடும்பத்தையும் போட்டோவோடு ஒரே டிஸ்க்குக்குள் அடக்கியது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம். போத்தனூரில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் சிடி ரைட்டர் வாங்கியிருந்தேன். நானூற்றைம்பது ஃப்ளாப்பியில் அடங்குவதை ஒரு டிஸ்க்கில் எழுதிவிடும். எங்கள் பக்கத்தில் வீட்டில் ரைட்டர் வைத்திருந்தது நான் ஒருத்திதான். வேறு யாராவது வைத்திருந்தால் வந்து சொல்லட்டும்.

எழுதுவது என்றால் பேனாவால் எழுதுவது இல்லை. காலி டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டால் ரைட்டர் ஒளியால் சுட்டுச் சுட்டு எழுதும். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது. கரண்ட் ஒரு கணம் இமைத்தால் போதும், டிஸ்க் வீண். ஒருமுறை என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி, பெண்டாட்டி வேலையாக இருக்கிறாளே என்று பாசத்தோடு கிரைண்டரில் மாவு அரைக்கப் போட்டார். இட்லி நன்றாகத்தான் வந்தது. டிஸ்க் பப்பாளி மரத்துக்குப் போனது, கிளி விரட்ட. அதற்குப் பிறகு ரைட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கள் வீட்டில் கிரைண்டர், மிக்சி, இஸ்திரிப் பெட்டி எதையும் யாரும் தொடுவதில்லை. நான் போட்ட சத்தம் அப்படி.

அந்த வருடம் எங்கள் குலதெய்வக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம். காரமடைக்கு மேற்கே இருக்கிறது கோவில். விழாவுக்குக் கூட்டத்தின் குடும்ப வரிசையைப் புத்தகமாகப் போடாமல் டிஸ்க்காக வெளியிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டிச் செயலாளர் திருமூர்த்தி அண்ணன், என் சித்தப்பா மகன். டவுன்ஹால் பக்கம் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். குடும்பங்கள் பூர்த்தி செய்து அனுப்பிய படிவங்களை நான்கு சாக்கு மூட்டைகளில் கட்டி வேனில் கொண்டு வந்து இறக்கினார்.

"வெளிய குடுத்தா ஆயிரம் தப்பு வரும் அம்மணி. நம்ம கூட்டத்துப் பொண்ணு கைல இருந்தா நம்பிக்கையா இருக்குமுன்னு கமிட்டில நாந்தான் சொன்னேன்" என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. நூற்றிருபது குடும்பங்கள் டிஸ்க் வேண்டுமென்று பதிந்திருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தால் என்ன, பேரப்பிள்ளைகள் படிக்கும் காலத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பதிந்திருந்தார்கள். அப்பாவும் தன் பேரில் ஒன்று பதிந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கப்பன், அப்போது எழுபத்தாறு வயது. அம்மா போனபின் ஆறு வருடமாக எங்களோடுதான் இருந்தார். நாங்கள் மூன்று பெண்கள். மூத்தவள் தெய்வாத்தாள் ஆனைமலையில், அடுத்தவள் சென்னியம்மாள் காரமடையில், கடைசி நான். ஆண்பிள்ளை இல்லை.

எழுபத்தொன்றில் கூட்டத்துக்கு ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். எனக்குப் பத்து வயது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் கர்வத்தில் அதைப் பிரித்து அப்பாவின் பேரைத் தேடிப் பிடித்து சத்தமாகப் படித்தேன். 'அங்கப்பன். வாரிசு இல்லை.' அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார். "அப்பா, அப்ப நாங்கெல்லாம் யாருங்க?" என்று கேட்டேன். அவர் இடது கையால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். தட்டில் சோறு பாதி அப்படியே இருந்தது. அந்தத் தட்டை நான் மறக்கவில்லை.

இப்போது அதே அப்பா தினமும் காப்பி குடித்ததும் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நம்ம பக்கம் வந்துருச்சா அம்மணி?"

"இன்னும் இல்லீங்கப்பா. ஊர் வரிசைல வருதுங்க."

உண்மையில் அது வந்துவிட்டது. அப்பாவின் படிவத்தை நான்தான் என் கையால் பூர்த்தி செய்து அனுப்பியிருந்தேன். மூன்று மகள்களின் பேரையும் முத்து முத்தாக எழுதியிருந்தேன். திரும்பி வந்த படிவத்தில் மூன்று பேர் மீதும் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் 'வாரிசு இல்லை' என்று கமிட்டியின் கையெழுத்து. மற்ற படிவங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகள் பேர் மேல் சிவப்புக் கோடு. மகன் இருந்த வீடுகளில் மகன்கள் மட்டும் மிச்சம். மகள்கள் மட்டும் இருந்த அறுபத்தொரு வீடுகளில் இந்த இரண்டு சொல்.

திருமூர்த்தி அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எடம் பத்தாது அம்மணி. பொண்ணுங்க பேரெல்லாம் போட்டா ரெண்டு மடங்காயிருமல்ல. பழைய புஸ்தகத்துலயே அப்படித்தான முடிவு பண்ணுனாங்க. அதப் பாத்தே அடிச்சுபோடு" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் கடையை அடைத்துவிட்டுக் கூடவே இருந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒப்புக்கொண்ட வேலை என்று சொன்னபடியே அடித்தேன். அப்பாவின் பக்கத்தையும் அடித்தேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. தினமும் கமிட்டி வேலை முடிந்ததும் இன்னொரு கோப்பைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த பேர்களை ஊர்வாரியாக அடிக்க ஆரம்பித்தேன். அந்த அறுபத்தொரு பக்கங்களையும் தனியாகத் திருத்தி வைத்தேன். யார் கேட்டார்கள், எதற்கு என்று எனக்கே தெரியாது. மூன்று மாதத்தில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பெண்கள் அந்தக் கோப்பில் இருந்தார்கள்.

இன்னொன்றும் செய்தேன். டிஸ்க் எழுதி முடிக்கும்போது அதை மூடலாம், மூடாமலும் விடலாம். மூடிவிட்டால் அவ்வளவுதான், இனி ஒரு புள்ளி சேர்க்க முடியாது. மூடாமல் விட்டால் மிச்சமிருக்கும் இடத்தில் இன்னொரு முறை எழுதலாம். நான் நூற்றிருபதையும் மூடாமல் விட்டேன். கமிட்டியிலிருந்து திருத்தம் வந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் என்று ஆறுச்சாமியிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

கும்பாபிஷேகத்துக்குப் பத்து நாள் முன்பு கோவில் மண்டபத்தில் கமிட்டிக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். மானிட்டரைப் போர்வையில் சுற்றி வேனின் முன் சீட்டில் வைத்தோம். அப்பா வருகிறேன் என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெளுத்த வேட்டி, நீர்க்காவித் துண்டு, புதுச் செருப்பு. வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். டிஸ்க்கைப் போட்டேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகச் சிதறக் கூடாது என்று ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி வைத்திருந்தேன். ஊரைத் தட்டினால் வீடு, வீட்டைத் தட்டினால் போட்டோவோடு நான்கு தலைமுறை. ஒருவர் தன் தாத்தாவின் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருவர் இதை டேப்ரெக்கார்டரில் போட்டால் பாடுமா என்று விசாரித்தார். பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, பளபளப்பான பக்கம்தான் முகம் என்று நினைத்து, அடுத்த டிஸ்க்கின் முகத்தில் பொட்டு வைக்கப் போனார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். உறைக்கு வையுங்கள், டிஸ்க்குக்கு வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"எங்கூட்டுப் பக்கத்தப் போடு அம்மணி" என்றார் அப்பா.

எல்லாரும் விலகி அவருக்கு வழிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தட்டினேன். திரையில் அப்பாவின் போட்டோ, கீழே அவர் பேர், அதற்குக் கீழே அந்த இரண்டு சொல்.

அப்பா கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். மறுபடியும் படித்தார். பின்பு துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு தட்டில் கிடந்த சோறு எனக்குக் கண்முன் வந்தது.

திருமூர்த்தி அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியப்பா, மனசுல வெச்சுக்காதீங்க. எடம் பத்தாதுங்க, அதுதான். வாரிசு இல்லீன்னா என்னுங்க, நாங்கெல்லாம் இல்லீங்களா?"

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு உச்சி வரை சுட்டது. டிஸ்க்கை வெளியே எடுத்தேன்.

"அண்ணா, இதச் சித்த புடிங்க. ஓரத்துல புடிங்க, நடுவுல வெரல் வெச்சுறாதீங்க. வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க. என்ன தெரியுதுங்க?"

அவர் மண்டபத்து வாசலில் வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டு நெறமா இருக்குது."

"உள்ள கருத்து இருக்கறது நான் எழுதுனதுங்க. ஆயிரத்து எண்ணூறு ஊடும் அதுக்குள்ளதான் இருக்குது. வெளிய வெளுப்பா ஒரு வளையம் தெரியுதுங்களா? அது பூராம் எடமுங்க. மூணுல ஒரு பங்குக்கு மேல காலி."

டிஸ்க் கை மாறிக் கை மாறி இருபது பேரிடமும் போய் வந்தது. ஆளுக்கொரு ரேகை வைத்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இடமில்லை என்று ஒருவரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

"எழுதுனா அழிக்க முடியாதுன்னு நீதான அம்மணி சொன்னே?" என்றார் அண்ணன்.

"அழிக்க முடியாதுங்க. ஆனா மூடல. மிச்ச எடத்துல அதே பக்கத்தத் திருத்தி எழுதுனா, போட்டுப் பாக்கறவங்களுக்குப் புதுசுதானுங்க வரும்."

அவர் தலையாட்டினார். "இருந்தாலும், பொண்ணுங்க வேற கூட்டத்துக்குப் போனவங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

"போனவங்கதானுங்க. இந்தக் கூட்டத்துல எந்தப் பையனுக்குக் கல்யாணம்னாலும், இணைச்சீருக்குக் கூடப் பொறந்தவ வந்து நிக்காம நடக்குதுங்களா? அப்ப மட்டும் நாங்க எந்தக் கூட்டமுங்க?" அண்ணன் பக்கம் திரும்பினேன். "உங்களுக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்ல. உங்க இணைச்சீருக்கு யாருங்கண்ணா நின்னாங்க?"

அவர் என்னையே பார்த்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. பட்டுச் சேலை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல், மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்யும் அந்தச் சீருக்கு அவருக்குத் தங்கையாக நான்தான் நின்றேன். மறப்பாரா என்ன?

"நீதான் நின்னே" என்றார், மெதுவாக. பிறகு மற்றவர்களைப் பார்த்தார். இணைச்சீர் நடக்காத வீடு எங்கள் கூட்டத்தில் எது?

"பேரெல்லாம் யாரு சேக்கறது? பத்து நாள்தான இருக்குது."

"சேத்துபோட்டனுங்க. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு பேரு. ரெடியா இருக்குது."

அவர் முகத்தில் முதலில் திகைப்பு, அப்புறம் ஒரு சிரிப்பு. "நீ செஞ்சாலும் செய்வே. செரி, ஒண்ணு சொல்லு. எழுதறப்பக் கரண்ட் போனா?"

"அந்த டிஸ்க் மொத்தமும் போயிருமுங்க. பழசும் சேந்து போயிரும்."

"காலி டிஸ்க் சென்னைல இருந்து வரோணும். அதுக்கு நேரமில்ல. நூத்தி இருவதும் உம்பட பொறுப்பு. முடியுமா?"

"முடியுமுங்க" என்றேன்.

திரும்பி வரும் வழியில் போத்தனூர் ரயில்வே கேட்டில் வேன் நின்றபோது அப்பா, "இதுக்குத்தான் மூணு மாசமா மத்தியானச் சாப்பாடு மறந்து உக்காந்திருந்தியா கண்ணு?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அடுத்த ஏழு நாள் எங்கள் வீடு வீடாக இல்லை. எழுதிய ஒவ்வொரு டிஸ்க்கையும் மறுபடி உள்ளே தள்ளி, பழையதை ஒட்டிப் புதியதைச் சேர்த்து எழுத வேண்டும். ஒன்றுக்குப் பதினொரு நிமிடம். வோல்டேஜ் நிதானமாக இருக்கும் காலை நேரத்தில்தான் வேலை. கிரைண்டர் குற்றவாளி ஆறுச்சாமி, பிராயச்சித்தம் போல, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் பத்து மணி வரை மோட்டார் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டு வந்தார். காலேஜில் படிக்கும் என் மகள் சண்முகப்பிரியா எழுதிய டிஸ்க் ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்துப் பட்டியலில் குறித்தாள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பால்காரர், தபால்காரர், பத்திரிகை அடிக்க வந்தவர் எல்லாருக்கும் ஒரே பதில்.

"சத்தம் போடாதீங்க. உள்ள எம்பட பொண்ணு எழுதீட்டு இருக்குது."

டிஸ்க் சுழலும்போது இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகரும். அது நகர நகர, சிவப்பு மை அடித்த பேர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்காருகின்றன என்று நினைத்துக்கொள்வேன். வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால், வெளுத்த வளையத்தில் பாதிக்கு மேல் கருத்திருக்கும். நூற்றிருபது தடவையும் சாய்த்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட அலுக்கவில்லை.

மூன்று போயிற்று. ஐந்தாம் நாள் கரண்ட் நின்றபோது ஒன்று, ரைட்டர் சூடேறி அடம்பிடித்து இரண்டு. மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆறுச்சாமி ஆறுதல் சொல்ல வந்து, வாயைத் திறக்காமலே போய்விட்டார். புத்திசாலி. நூற்றுப்பதினேழை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கோவிலுக்கு அனுப்பினோம். மூன்று குறைகிறது என்று திருமூர்த்தி அண்ணனுக்குப் போனில் சொன்னேன்.

"என்னுது ஒண்ணு அப்பறமா வாங்கிக்கறேன். இன்னும் ரெண்டு கமிட்டிக்காரங்கள நிறுத்தி வெக்கறேன். நீ வெசனப்படாத" என்றார்.

கும்பாபிஷேகத்தன்று கோவிலைச் சுற்றி இரண்டு மைல் வரை வண்டிகள். தெய்வாத்தாள் ஆனைமலையிலிருந்து விடிகாலையிலேயே வந்துவிட்டாள். சென்னியம்மாள் உள்ளூர்க்காரி மாதிரி எங்களை அதட்டிக்கொண்டிருந்தாள். டிஸ்க்குகள் பித்தளைத் தட்டில் அம்மன் முன்னால் இருந்தன. உறைக்கு உறை சந்தனப் பொட்டு. டிஸ்க்குக்கு இல்லை, நான் எண்ணிப் பார்த்தேன்.

மண்டபத்தில் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். பெண்கள் கூட்டம் மொய்த்தது. எங்கெங்கோ கட்டிக்கொடுத்த பெண்கள், தங்கள் ஊரைத் தட்டச் சொல்லி, திரையில் விரலை வைத்துத் தங்கள் பேரைத் தேடினார்கள். திரை முழுக்க விரல் ரேகை. அன்று நான் யாரையும் திட்டவில்லை.

அப்பா கடைசியாக வந்தார். அவர் பக்கத்தைத் திறந்தேன். 'அங்கப்பன். வாரிசுகள்: தெய்வாத்தாள், சென்னியம்மாள், சாந்தாமணி.' இந்த முறை அவர் கண்ணாடியைத் தள்ளவில்லை. சத்தமாக, பத்து வயதில் நான் படித்த மாதிரி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பழைய வரி என்ன ஆச்சு அம்மணி?"

"அதும் உள்ளயேதானுங்கப்பா இருக்குது. அழியாதுங்க. ஆனா யாரு போட்டாலும் கடைசியா எழுதுனதுதான் வரும்."

"கெடந்துட்டுப் போவுது" என்றார்.

மேடையில் ஒவ்வொரு குடும்பமாகப் பேர் வாசித்தார்கள். எங்கள் முறைப்படி வீட்டின் மூத்த ஆண் போய் வாங்க வேண்டும், இல்லையென்றால் அவர் மகன். வரிசையாக வேட்டிகள் ஏறி இறங்கின. திருமூர்த்தி அண்ணன் மைக்கில், "போத்தனூர், அங்கப்பன்" என்றார்.

அப்பா எழவில்லை. காது கேட்கவில்லையோ என்று குனிந்து அவர் தோளைத் தொட்டேன்.

"கேட்டுதுங் கண்ணு" என்றார், எழாமலே. "போ. நீ போயி வாங்கீட்டு வா."

"நீங்க போகோணுமுங்கப்பா. மூத்தவங்க அக்காவாச்சும்..."

தெய்வாத்தாள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "எழுதுனவ நீயி. போடி."

மேடைப்படி ஆறு. அன்றைக்கு அதில் ஏறிய முதல் பெண் நான். திருமூர்த்தி அண்ணன் மைக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து, உறைக்குள் இருந்தாலும் நான் சொல்லிக் கொடுத்தபடி ஓரத்தில் மட்டும் விரல் வைத்துப் பிடித்து, மைக்கைத் திறந்தார்.

"அங்கப்பன் வாரிசு, சாந்தாமணி" என்றார்.

நானே எழுதிய டிஸ்க்கை நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.